ஏழு முடிச்சு

ஒரு நாளைக்கு நான்கு பஸ். ஒரு பஸ்ஸுக்கு ஐம்பது பேர். அவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மிருகக்காட்சி சாலையில்கூட மிருகம் போய் ஒளிந்துகொள்ளப் பின்னால் ஒரு குகை இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. தறி, தறிக்கு முன்னால் பலகை, பலகையில் நான், என் தோளில் ஒரு கறுப்புச் சால்வை. அந்தச் சால்வை எங்கள் ஊரில் யாரும் போடுவதில்லை. மில் முதலாளி யூனன் அதை எங்கோ பழைய படத்தில் பார்த்துவிட்டு எனக்கு மாட்டிவிட்டார்.

மில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓடையோரம் ஒரு நீளக் கட்டடம். உள்ளே கம்பளியைச் சிக்கெடுக்க ஒரு இயந்திரம், நூற்க ஒன்று, கரண்டில் ஓடும் தறி மூன்று. முன்பக்கம் கடை. கடைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே பார்வையாளர்களுக்கென்று ஒரே ஒரு கைத்தறி. யூனனுக்குச் சோறு போடுவது அந்த மூன்று தறி. கடைக்குள் ஆளைக் கூட்டிவருவது நான்.

"இவங்க பேரு நாப்லா" என்று யூனன் ஆரம்பிப்பார். "ஒம்பது தலைமுறையா இவங்க குடும்பம் நெய்யுது. இந்தப் பள்ளத்தாக்கத் தாண்டி இவங்க வெளிய போனதே இல்ல."

என் அப்பா கிளாஸ்கோவில் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பா குதிரை வியாபாரி. நானே ஆறு வருடம் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்திருக்கிறேன். ஒரு முறை ஒரு அம்மாள் என்னைக் காட்டி யூனனிடம், "இவங்களுக்கு இங்கிலீஷ் புரியுமா?" என்று கேட்டாள். "கொஞ்சம் கொஞ்சம்" என்றார் யூனன். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த தறி ஓடத்தை எடுத்து எறிந்திருப்பேன். எறியவில்லை. பதினோரு வருடமாக எறியவில்லை.

நான் வந்தது ஒரே ஒரு பாவுக்குத்தான், அதாவது தறியில் ஒரு தடவை ஏற்றுகிற நீள நூல் தீரும் வரைக்கும்தான். கோண்டி என்ற நெசவாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. யூனன் என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு பாவு, நாப்லா. அறுபது மீட்டர். அப்புறம் நீ யாரோ நான் யாரோ" என்றார். நல்ல தமாஷ்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் பாவு தீர்ந்தால், பழைய நூலின் முனைகளை உருவி எடுத்துவிட மாட்டோம். தறியில் இழைகளைக் கோத்திருக்கும் விழுதிலும் அச்சிலும் அவை அப்படியே தொங்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் முனையோடு முடிச்சுப் போட்டு இழுத்துக்கொள்வோம். ஆயிரத்து இருநூறு இழைக்கு ஆயிரத்து இருநூறு முடிச்சு. அந்த முடிச்சைப் போட்டவர் யாரோ, அவர்தான் அந்தப் பாவை நெய்து முடிக்க வேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது. முடிச்சை அறுக்கவும் கூடாது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு இறுக்கம், கை மாறினால் துணியில் கோடு விழும் என்று நெய்கிறவர்கள் சொல்வார்கள். நெய்யாதவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: விட்டுப் போனவர் வீட்டில் கடலில் இருப்பவருக்கு ஆகாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் தம்பி மேனஸ் கில்லிபெக்ஸ் துறைமுகத்திலிருந்து மீன்பிடிக் கப்பலில் போகிறவன். நம்பிக்கை இல்லை என்பதற்காக அவனை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சலும் இல்லை.

யூனனுக்கு இது தெரியும். ஒவ்வொரு பாவும் தீரும் சமயத்தில் ஏதாவது ஒன்று நடக்கும். யூனனுக்குக் கையில் சுளுக்கு. யூனன் மனைவி ஃபிலோமினாவுக்குத் தலைசுற்றல். "நீ சும்மா பிணைச்சு மட்டும் குடு நாப்லா, நெய்யறதுக்கு ஆள் வருது" என்பார். நானும் பிணைப்பேன். பிணைத்த பிறகு ஆள் வராது. பதினோரு வருடத்தில் அந்தத் தறி ஒரு நாள்கூட வெறுமையாக நின்றதில்லை. முதல் பாவின் நூல், இரண்டாம் பாவின் நூல் என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, என்னையும் சேர்த்துப் போட்டுவிட்டார் மனிதர். புத்தி இல்லையா உனக்கு என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடைசியில் வழி பஸ்ஸிலேயே வந்தது. ஓட்டுநர் ஜார்லத் இருபது வருடமாகப் பார்வையாளர்களைக் கூட்டிவருகிறவர். அவர்கள் கடையில் சாமான் வாங்குகிற நாற்பது நிமிடமும் அவர் வெளியே தேநீர் குடிப்பார். ஒரு நாள், "பொண்ணே, அந்தப் பலகையில உக்காந்து உக்காந்து உனக்கு வேர் விட்டுடும். இந்த சீட்ல உக்காந்து பாரு" என்றார். விளையாட்டுக்குத்தான் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் சாலையை நான் பார்த்ததே இல்லை. ஆடுகள், ஓடை, வளைவு, அதற்கப்பால் கடல். அன்றைக்கு எனக்குப் பிடித்த பைத்தியம் விடவே இல்லை.

ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாட்டுச்சந்தை மைதானத்தில் ஜார்லத் எனக்கு பஸ் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். லெட்டர்கென்னி டவுனில் லைசென்ஸ் பரீட்சை. முதல் முறை தோற்றேன், இரண்டாம் முறை தேறினேன். ஜார்லத் ஓய்வு பெறுகிறார், அவர் வண்டி உங்களுக்கு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குள் வைத்தேன். தினமும் ரொட்டி எடுக்கும்போது ஒரு தடவை படித்துக்கொள்வேன்.

அந்த வாரம் புதன்கிழமை பாவு தீர்ந்தது. துணியை அறுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு யூனனிடம் சொன்னேன்.

"புதுப் பாவத் தொட மாட்டேன். சுளுக்கு, தலைசுத்தல், எதுவும் வேண்டாம். திங்கக்கிழமை நான் போறேன்."

யூனன் தலையை ஆட்டினார். "போம்மா. யாரு தடுத்தா? ஃபிலோமினாவோட தங்கச்சி வந்து பிணைப்பா. வெள்ளி வரைக்கும் பஸ் வருதில்ல, நீ சும்மா வந்து பக்கத்துல நில்லு. கேட்டா பதில் சொல்லு. போதும்."

இவ்வளவு எளிதாகச் சம்மதித்ததிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை போனால் தறிக்குப் பின்னால் புதுப் பாவு உருளை ஏறியிருந்தது. சாம்பல் நிறம், நடுநடுவே காட்டுப்பூ ஊதா. பழைய முனைகள் ஒரு பக்கம் தொங்க, புது முனைகள் மறுபக்கம் சீவிவிட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஃபிலோமினாவின் தங்கையைக் காணவில்லை. நான் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்கு ஜார்லத்தின் பஸ் வந்தது. கூட்டம் கயிற்றுக்கு அப்பால் நின்றது. நூல் தீர்ந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கோக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். இல்லை, முடிச்சுப் போடுவோம் என்றேன். எப்படி என்றார்கள். நான் என்ன முட்டாளா? சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டு நூலை எடுத்து, அந்தரத்தில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். யூனன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவர் தன் பாட்டை ஆரம்பித்தார். ஒன்பது தலைமுறை. பள்ளத்தாக்கு. அதற்கு மேல் அன்று புதிதாக ஒன்று சேர்த்தார்: "இந்தப் பலகைய விட்டு எந்திரிச்சா இவங்களுக்கு உசிரே தங்காது. எத்தனையோ பேரு கூப்பிட்டாங்க. போக மாட்டேன்னுட்டாங்க. இந்தத் தறியிலதான் கண்ண மூடுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்!" என்றேன். "எல்லாம் பொய். எங்கப்பா கொத்து வேலை செஞ்சவரு. நான் லண்டன்ல ஆஸ்பத்திரிப் போர்வை தொவைச்சவ. இந்தச் சால்வை இவரு கடையில விக்கிறது, விலைச்சீட்டு உள்ள இருக்கு, பாத்துக்கோங்க. திங்கக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன். நீங்க வந்தீங்களே அந்த பஸ், அத ஓட்டப்போறேன். இந்த ஆளு என்னைப் பதினோரு வருஷம்..."

சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது. கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. ஒருவர் "சபாஷ்" என்றார். நான் லண்டனைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன், கடலைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் வாசலில் நின்றிருந்த ஜார்லத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாப்லா" என்றார் மெதுவாக. "கையப் பாரு."

குனிந்தேன். சால்வை எப்போது நழுவியதோ. தறி ஓரத்தில், பழைய இழையும் புது இழையுமாக, வரிசையாக, இறுக்கமாக, அழகாக, ஏழு முடிச்சு. எட்டாவதற்கு விரல் நூலைப் பிடித்திருந்தது.

நான் போடவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அது என் முடிச்சு. வால் துண்டை இடது பக்கம் மடிப்பது எங்கள் ஊரில் நான் மட்டும்தான். பதினோரு வருடம் வாய் பேச, கை வேலை செய்ய என்று பழகிய கை. அதற்கு நான் போகப்போவது தெரியாது. அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது.

கூட்டம் கடைக்குள் போனது. யூனன் கயிற்றைத் தாண்டி வந்து, பொறுமையாக விரல் விட்டு எண்ணினார்.

"ஏழு" என்றார். அவர் குரலில் சந்தோஷம்கூட இல்லை, அதுதான் கொடுமை. தன் ஆட்டுக்குட்டி தானாகவே பட்டிக்குள் வந்துவிட்ட மாதிரிப் பார்த்தார்.

"அறுத்துடு பொண்ணே" என்றார் ஜார்லத். "ஏழுதானே. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றார் யூனன். "அவளும் பாத்தா. மேனஸ் கப்பல்ல இருக்கான். நான் ஒண்ணும் சொல்லல. அறுக்கறதுன்னா அறுக்கட்டும்."

ஜார்லத் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். அவரும் எங்கள் ஊர்தான். மறுபடி அறு என்று சொல்லவில்லை.

"மிச்சத்தப் பிணைக்க ஒன்றரை நாள். நெய்ய ஒம்பது நாள்" என்றார் யூனன். "நானே கம்பெனிக்கு போன் போட்டு ரெண்டு வாரம் தள்ளிக் கேக்கறேன்."

"தள்ள மாட்டாங்க" என்றார் ஜார்லத். "அடுத்த ஆளு வாசல்லயே நிக்கிறான்."

நான் பின்பக்கம் போய் ஓடையோரம் நின்று அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன். மழை வேறு பக்கவாட்டில் அடித்தது. ஃபிலோமினா ஒரு கோப்பைத் தேநீரும் வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியும் கொண்டுவந்து பக்கத்துக் கல்லில் வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. யூனனைக் கட்டிக்கொண்டவள், அவ்வளவுதான்.

"என்ன செய்ய நாப்லா, வழக்கம் வழக்கம்தான்" என்றாள். "எங்கம்மா சொல்லுவாங்க, முடிச்சுப் போட்ட இழைய நெய்யாம விட்டா அது உன்னை விடாதுன்னு."

ரொட்டி வாயில் இருந்தது. மெல்லுவதை நிறுத்தினேன்.

"போட்ட இழையவா?"

"ஆமா."

"போடாத இழைய?"

ஃபிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு மில்லைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் மேலங்கியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். யூனன் நிம்மதியாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் போட்ட முடிச்ச நான் நெய்யறேன்" என்றேன். "ஏழு இழை. அறுபது மீட்டர். அந்த ஏழையும் உருளையிலிருந்து தனியா உருவி ஒரு கட்டையில சுத்திக் குடுங்க. உருவாம நான் இழுத்தா உங்க மிச்சப் பாவு மொத்தமும் தளந்து தரையில கிடக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"உனக்குப் பைத்தியமா? ஏழு இழையில என்ன துணி வரும்?"

"ரிப்பன் வரும்."

"கோட்டுத் துணிப் பாவுடி அது!"

"வழக்கம் நான் வெச்சதில்ல யூனன்."

அவர் ஜார்லத்தைப் பார்த்தார். ஜார்லத் கூரையைப் பார்த்தார். கட்டியவர் நெய்ய வேண்டும். கட்டியது ஏழு. அன்று மதியம் முழுக்க யூனன் தறிக்குப் பின்னால் மண்டி போட்டு, ஓரத்து ஏழு இழையை உருளையைச் சுற்றிச் சுற்றி உருவினார். நடுவே இரண்டு பஸ் வந்தது. பார்வையாளர்கள் அவருடைய பின்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சிரிப்பாக இருக்கிறதில்லையா? எனக்கு அந்த மூன்று நாளும் சிரிப்பு வரவில்லை. வியாழன் மாலை, வெள்ளி, சனி. ஆள் படுக்கிற அகலமுள்ள தறி, அதன் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கோடு. ஓடத்தைத் தட்டிவிட முடியாது. ஒரு கையால் நுழைத்து மறு கையால் வாங்க வேண்டும். மிதி, நுழை, வாங்கு, அடி. அறுபது மீட்டர். அகலத் துணியில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். இதில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஷூ நாடா மாதிரி ஏதோ தொங்கும். வெள்ளி மத்தியானம் கணக்குப் பார்த்தேன், பதினெட்டு மீட்டர்கூட ஆகவில்லை. ஞாயிறு தறியைத் தொடக் கூடாது. சனி இருட்டுவதற்குள் முடியவில்லை என்றால் எல்லாம் போயிற்று. இடுப்பு விட்டுப்போனது. பஸ் பஸ்ஸாக வந்து என்னைப் பார்த்தார்கள். "இது என்ன?" என்று கேட்டார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு இழை அறுந்தால் என் கதையும் அறுந்தது. அந்த ஏழு இழையை நான் பார்த்த மாதிரி யாரும் தன் பிள்ளையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முடிச்சுகள் இருந்த இடம் எப்போதோ கடந்து போயிருந்தது. சனி மாலை ஐந்தே முக்காலுக்குக் கட்டையில் நூல் தீர்ந்தது. கடைசி முழத்தை நெய்து, அறுத்து எடுத்தேன். அறுபது மீட்டர் ரிப்பனைச் சுருட்டி யூனன் கையில் வைத்தேன்.

"முடிஞ்சுது" என்றேன்.

யூனன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார். இல்லை. "ஃபிலோமினா, கத்திரிக்கோலக் கொண்டா" என்றார். நான் பயந்துவிட்டேன். அவர் அதைச் சாண் சாணாக வெட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் போட்டு, அட்டையில் எழுதினார்: ஒன்பது தலைமுறைக் கையால் நெய்த அதிர்ஷ்டப் பட்டை. பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் தனக்கு என்று சொல்கிற ஆள். என்ன செய்வது?

மேனஸ் அன்றிரவு கரைக்கு வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்காகவா?" என்றான். ஆமாம் என்றேன். "நான் கடல்ல இதையெல்லாம் நெனைக்கறதே இல்லியே" என்றான் தடியன். அடிக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனேன். பத்து நாற்பதுக்கு என் பஸ் மில் வாசலில் நின்றது. ஐம்பது பேரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. என் இருக்கையிலிருந்து ஜன்னல் வழியாகத் தறி நன்றாகத் தெரியும், அது வரை நான் யோசித்துப் பார்க்காத விஷயம். கயிற்றுக்கு அந்தப் பக்கம், தறிக்குப் பின்னால், யூனன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மிச்சம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஃபிலோமினா பார்வையாளர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நாற்பது நிமிடம் கழித்துப் பைகளோடு ஏறினார்கள். ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "பாவம் அந்த மனுஷன். இந்தப் பள்ளத்தாக்க விட்டு வெளியவே போனதில்லையாமே?"

"ஆமாங்க" என்றேன். "உக்காருங்க, வண்டி கிளம்புது."

கதவை மூடப்போன சமயம் யூனன் மழையில் ஓடிவந்தார். கண்ணாடியெல்லாம் நீர். பழைய மாதிரியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஏமாற்று வேலையா, நிஜமாகவே முடியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நாப்லா. நடுவுல நூறு இழை சிக்கிப்போச்சு. எது எதோட சேருதுன்னு தெரியல. ஒரே ஒரு நிமிஷம். நீ முடிச்சுப் போட வேண்டாம், வந்து பாத்து மட்டும் சொல்லு."

எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, எந்த இழை எதோடு சேரும் என்று. விரல் நுனி அரித்தது. ஐம்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று தேடி உரசிக்கொண்டன.

இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, வலிக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டேன். கதவை மூடும் பொத்தானை முழங்கையால்தான் தட்டினேன்.